களைக்கொத்தும் களைக்கொல்லியும்

சின்ன வெங்காயப் பாத்தியில் களை எடுப்பது மற்றப் பயிர்களில் எடுப்பதைப் போன்றதல்ல. வெங்காயத்துக்கு வேர் ஆழமாகப் போகாது. தாள் குச்சி போல நிற்பதால் மண்ணில் நிழல் விழாது. வெயிலும் ஈரமும் கிடைத்த களை தாராளமாக முளைக்கும். கொத்து ஒரு விரற்கடை தவறினால் காய் வெட்டுப்பட்டுவிடும். அதனால் பாத்திக்குள் குந்தி உட்கார்ந்து, இடது கையால் தாளை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையில் களைக்கொத்தைச் சாய்வாக வைத்து மண்ணைக் கிளறி, களையை வேரோடு உருவ வேண்டும். இளம் பயிரில் கோரையும் வெங்காயமும் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் ஒரே பச்சையாகத் தெரியும். தண்டை விரலிடையில் உருட்டினால் கோரைக்கு மூன்று பட்டை இருக்கும். வெங்காயத்தாள் உருண்டையாக, உள்ளே கூடாக இருக்கும். கொங்கு நாட்டுத் தோட்டங்களில் களை வெட்டிய பெண்களுக்கு உருட்டிப் பார்க்க வேண்டிய தேவை இருந்ததில்லை. கை போகும் முன்பே கண் பிரித்துவிடும்.

இன்று அதே பாத்தியில், நட்ட இரண்டு மூன்று நாளுக்குள் பெண்டிமெத்தலினோ ஆக்ஸிஃபுளோர்ஃபெனோ தெளிக்கிறார்கள். களை தலைகாட்டும் முன்பே மண்ணின் மேல்தோலில் மருந்து படிந்துவிடுகிறது. அறுபது, எழுபது நாள் பயிரில் முன்பு இரண்டு மூன்று முறை ஆள்விட்டு எடுத்த களையை, இப்போது ஒருமுறை பேருக்கு எடுத்தால் போதும் என்கிறார்கள். சில தோட்டங்களில் அதுவும் இல்லை.

முன்பு களை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தோட்டத்துக்குப் போட்ட எரு மாட்டுத் தொழுவத்திலிருந்து வந்தது. மாடு தின்ற புல்லின் விதை சாணத்தோடு குப்பைமேட்டுக்குப் போய், அங்கிருந்து வண்டியேறிப் பாத்திக்குத் திரும்பும். நீர் கவலையிறைத்து வந்த காலத்தில் பாத்திகள் சிறியவை, பரப்பும் குறைவு. 1932இல் பைக்காரா மின்சாரம் வந்து, பிறகு கிணறு தோறும் மோட்டார் ஓடத் தொடங்கியபோது பயிர்ப்பரப்பு பெருகியது. பாத்தி நிறைய நீர் பாய்ந்தது. பயிருக்குப் போன அதே நீர் களைக்கும் போனது. களை வெட்டும் ஆளின் தேவையும் அதோடு கூடியது.

பாத்திக்குப் பத்துப் பெண்கள் வரிசையாக இறங்குவார்கள். காலை வெயில் ஏறும் முன்பே வேலை தொடங்கும். நீர் பாய்ச்சி இரண்டு நாள் ஆறவிட்ட மண்தான் களைக்கு ஏற்றது: ஈரம் மிகுந்தால் மண் கொத்தில் அப்பிக்கொள்ளும், காய்ந்துவிட்டால் வேர் அறுந்து உள்ளேயே நின்றுவிடும். வெட்டிய களை எல்லாம் ஒரே இடத்துக்குப் போகாது. கோரையை மண் உதறி வரப்பில் வெயிலில் பரப்புவார்கள். அருகம்புல் கன்றுக்குட்டிக்கு. பருப்புக்கீரையைப் பாத்தியில் விட்டுவைத்தால் அறுந்த தண்டே மீண்டும் வேர்விட்டுவிடும் என்பதால் அதைக் கட்டாயம் வெளியே எடுத்துவிடுவார்கள். கீழாநெல்லியும் மூக்கிரட்டையும் கரிசலாங்கண்ணியும் மருந்துக்கு வேண்டியவர்களுக்கு. மற்றதெல்லாம் மடிக்கு.

அந்த மடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குப்பைக்கீரை, குமுட்டிக்கீரை, முள்ளிக்கீரையின் கொழுந்து, மணத்தக்காளி இலை. இவற்றில் எதையும் யாரும் விதைத்ததில்லை. ஒவ்வொன்றும் கைப்பிடி அளவுதான் கிடைக்கும். தனியாகச் சமைக்கப் போதாது. எனவே எல்லாம் கலந்து மண்சட்டியில் வேகும். பூண்டு, பச்சை மிளகாய், நாலு சின்ன வெங்காயம், சிறிது புளி சேர்த்து மத்தால் கடைந்தால் கம்பஞ்சோற்றுக்கும் களிக்கும் குழம்பு அதுதான். எதை எப்போது பறிப்பது என்பதற்குக் கணக்கு இருந்தது. பண்ணைக்கீரையைக் கதிர்விடும் முன் பறிக்க வேண்டும்; வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூக்கதிர் வந்துவிட்டால் இலை முற்றிவிட்டது என்று பொருள். முள்ளிக்கீரையில் கணுவின் முள் கெட்டிப்படும் முன் கிள்ள வேண்டும். என் சிறுவயதில், பண்ணைக்கீரையையும் சேர்த்துக் கொத்திக்கொண்டே போன என் கையைப் பிடித்து நிறுத்தி, "அதக் கொத்தாத சாமி, ராத்திரிக்கு ஆகும்" என்று சொன்ன அமுச்சியின் (பாட்டியின்) குரல் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. களையெடுப்பு என்பது எதை எடுப்பது என்ற கேள்வியோடு எதை விடுவது என்ற கேள்வியும் சேர்ந்தது என்பதை நான் அங்கேதான் முதலில் அறிந்தேன்.

ஆனால் அந்தக் கடைசலின் மணத்தோடு இந்தப் பேச்சை நிறுத்திவிடுவது நேர்மையாகாது. அந்தப் பெண்கள் கீரையை மடியில் கட்டியதற்குச் சந்தையில் காய் வாங்கக் காசில்லாததும் ஒரு காரணம். நிலமில்லாத வீட்டுப் பெண்கள் அவர்கள். பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி என்பது எழுதாத சட்டமாக இருந்தது. களைவெட்டு பெண்ணின் வேலை என்று ஒதுக்கப்பட்டதே அது மலிவான வேலையாகக் கிடந்ததற்குக் காரணம். நாள் முழுதும் குந்திய நிலையில் நகர்ந்து நகர்ந்து முழங்கால் தேய்ந்தது. நாற்பது வயதில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர்களை ஊர்தோறும் காணலாம். கைக்குழந்தை வரப்போரத்து வேம்பில் தூளியில் கிடக்கும். சற்று வளர்ந்த பெண்பிள்ளை பள்ளிக்குப் போகாமல் அதை ஆட்டிக்கொண்டிருக்கும். களை எடுக்கும்போது பாடிய பாட்டுகளைத் தொகுத்து வைத்திருக்கிறோம். அந்தப் பாட்டில் வலியும் இருக்கிறது என்பதைப் படிப்பவர்கள் மறந்துவிடக் கூடாது.

அந்தக் கைகள் தோட்டத்தைவிட்டுப் போனதில் வருந்த எனக்கு எதுவும் இல்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளின் வேன்கள் விடிகாலையில் ஊருக்குள் வரத் தொடங்கின. நிழலில் வேலை, வாரக்கூலி, மிகைநேரத்துக்குத் தனிக்காசு. மகள்கள் வேனில் ஏறினார்கள். 2005இல் ஊரக வேலை உறுதிச் சட்டம் வந்தது. 2006இல் தமிழகத்தில் அதன் நாட்கூலி 80 ரூபாய், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. 2025-26இல் அது 336 ரூபாய். நூறு நாள் வேலை வந்த பிறகு களைக்கு ஆள் கிடைப்பதில்லை என்று தோட்டக்காரர்கள் குறைப்பட்டுக்கொள்வதை இன்றும் கேட்கலாம். அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. அதற்கு முன்பு, கொடுத்த கூலியை மறுக்க முடியாமல்தான் அத்தனை பேர் வந்தார்கள் என்பதும் உண்மை. கூலி உயர்ந்தது, பேரம் பேசும் துணிவு வந்தது, பெண்பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். இதைவிடப் பெரிய ஆதாயம் இந்த மாற்றத்தில் வேறில்லை.

ஆள் குறைந்த இடத்தை நிரப்ப எத்தனையோ வழிகள் வந்தன. சொட்டுநீர்க் குழாய் பயிரின் தூரை மட்டும் நனைப்பதால் இடைவெளியில் களை குறைகிறது. சிறு, குறு உழவர்களுக்கு அதை முழு மானியத்தில் அரசு தருகிறது. தக்காளிக்கும் தர்பூசணிக்கும் பாத்திமேல் மூடாக்குத் தாளை விரித்து, துளையிட்ட இடத்தில் மட்டும் நாற்று வைக்கிறார்கள். மேலே வெள்ளி நிறம், கீழே கறுப்பு. ஒளி புகாத இடத்தில் களை முளைத்தாலும் வெளுத்துச் சாகும். பவர் வீடர் கரும்பு, மஞ்சள் இடைவெளிகளில் ஓடுகிறது. நெல்லில் செம்மை நடவுக்காரர்கள் வரிசை பிடித்து நட்டு, பத்து நாளுக்கு ஒருமுறை கோனோவீடரைத் தள்ளுகிறார்கள். களை அங்கேயே சேற்றில் மடிந்து எருவாகிறது, வேருக்குக் காற்றும் கிடைக்கிறது.

இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது விலை குறைந்த ஒன்று: நீளக் கைப்பிடியின் முனையில் நட்சத்திரப் பல் வைத்த சிறு உருளையும், அதன் பின்னால் ஒரு வெட்டுத் தகடும். நின்றபடியே முன்னும் பின்னும் தள்ளினால் மேல்மண் கிளறப்பட்டுக் களை அறுபடும். முதுகு வளைய வேண்டியதில்லை. இவ்வளவு எளிய கருவி நூறு ஆண்டுகளுக்கு முன்பே கொங்குப் பட்டறைகளில் அடிக்கப்பட்டிருக்கலாம். இரும்பும் இருந்தது, கொல்லரும் இருந்தார். குந்தியவள் பெண் என்பதால், அவளுடைய முதுகுக்காகக் கருவி செய்ய யாருக்கும் தோன்றவில்லை என்றே நான் நினைக்கிறேன். அது பரவலாகக் கிடைக்கத் தொடங்கிய நேரத்தில் களைக்கொல்லி அதை முந்திவிட்டது.

களைக்கொல்லியின் கணக்கு எளிது. ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து ஆள் ஒரு நாள் முழுதும் செய்த வேலையை, பதினாறு லிட்டர் தெளிப்பானை முதுகில் மாட்டிய ஒருவர் அரை நாளில் முடிக்கிறார். ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல் என்றால் பன்னிரண்டு, பதின்மூன்று டேங்க். இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஆய்வில் பிறந்த 2,4-டி அகன்ற இலைச் செடிகளைக் கொன்று புல்லினத்தை விட்டுவிடும். 1974இல் ரவுண்டப் என்ற பெயரில் சந்தைக்கு வந்த கிளைபோசேட் அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. பச்சை இலையில் பட்டால் உள்ளே ஊடுருவி வேர்வரை இறங்கி, செடிக்குத் தேவையான அமினோ அமிலங்கள் சிலவற்றைச் செய்யும் நொதியை முடக்கிவிடும். பத்து நாளில் வரப்பு வைக்கோல் நிறமாகிறது. பார்க்கச் சுத்தமாக இருக்கிறது என்று சொல்பவர்களும் உண்டு.

தெளிப்பவரைப் பாருங்கள். பெரும்பாலும் வெறுங்கால், மடித்துக் கட்டிய லுங்கி, மூக்கில் ஒரு துண்டு. முன்பு பத்துப் பெண்களின் இடுப்பில் இருந்த பாரம் இன்று ஒருவரின் தோலிலும் மூச்சிலும் இறங்குகிறது. காற்று திரும்பினால் 2,4-டியின் சாரல் பக்கத்துத் தோட்டத்துத் தக்காளி இலையைச் சுருட்டிவிடும், பருத்தியும் தாங்காது. பாராகுவாட் என்ற களைக்கொல்லி வாய்க்குள் போனால் அதற்கு மாற்று மருந்து கிடையாது. அந்தப் புட்டி வீட்டுத் திண்ணையில், பிள்ளைகளின் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் கிளைபோசேட்டை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வகையில் சேர்த்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அந்த முடிவை ஏற்கவில்லை. ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டு, பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணிக்கென அனுமதி பெற்றவர்கள் வழியாக மட்டுமே அதைப் பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்தியது. காலி கேன்கள் வரப்போரம் கிடப்பதை நான் இப்போதும் பார்க்கிறேன்.

மருந்து வந்த பிறகு களை ஒழிந்ததா என்றால், ஒழியவில்லை. ஆள் மாறியிருக்கிறது. பெண்டிமெத்தலின் புல்லையும் சிறுவிதைக் கீரைகளையும் முளையிலேயே நிறுத்திவிடும். கோரைக்கு அது ஒரு பொருட்டில்லை. கோரையின் உயிர் மண்ணுக்கடியில், நூலில் கோத்தது போலத் தொடர்ந்து கிடக்கும் சிறு கிழங்குகளில் இருக்கிறது. ஒன்றைப் பிடுங்கினால் அடுத்தது முளைக்கும். போட்டிக்கு நின்ற கீரைகள் இல்லாத பாத்தியில் அதற்கு இன்னும் வசதி. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் கோதுமை வயல்களில் ஒரே களைக்கொல்லியை ஆண்டுக்கணக்கில் தெளித்ததால், 1990களின் தொடக்கத்திலேயே அங்கு ஒருவகைப் புல் அந்த மருந்துக்கு மசியாத நிலையை எட்டிவிட்டது. களை எளிதில் தோற்காது என்பது நம் முன்னோருக்குத் தெரியாததல்ல. களை பறிப்போர் வரப்பில் எறிந்து வாடவிட்ட நெய்தல், வேறு நிலம் தேடிப் போகாமல் அதே வயலில் மீண்டும் பூப்பதைக் குறுந்தொகைப் பாடல் ஒன்று சொல்கிறது. அங்கே களையாக எறியப்பட்டதும் பெயரோடும் பூவோடும்தான் இருந்தது.

புதிதாக வந்து சேர்ந்த களைகளின் குணம் வேறு. பார்த்தீனியம் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1955இல் புனேயில் கவனிக்கப்பட்டது. இறக்குமதிக் கோதுமையோடு வந்ததாகச் சொல்கிறார்கள். இன்று கொங்கு நாட்டில் அது இல்லாத சாலையோரம் இல்லை. கேரட் இலைபோலத் தரையோடு விரிந்து, பிறகு நெடுகக் கிளைத்துச் சிறு வெள்ளைப் பூக்களைச் சிதறும். ஒரு செடி பல்லாயிரம் விதை போடும். மாடு முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். தொட்டவருக்குத் தோலில் அரிப்பு, மகரந்தம் பட்டவருக்கு மூச்சிரைப்பு. அதன் இலையைத் தின்னும் மெக்சிகோ வண்டைக் கொண்டுவந்து 1984இல் பெங்களூரில் விட்டார்கள். மழைக்காலத்தில் வண்டு நன்றாக வேலை செய்கிறது, ஆனாலும் செடி நிற்கிறது. முன்பு பாத்தியில் முளைத்த களைகளில் பலவற்றுக்கு மனிதருக்கோ மாட்டுக்கோ ஒரு பயன் இருந்தது. பார்த்தீனியத்தைக் கொண்டுபோய்க் கொட்ட ஒரு மடியும் இல்லை, ஒரு தொட்டியும் இல்லை.

வீட்டுத் தோட்டங்களின் கதை இன்னும் சுருக்கமானது. புறக்கடையில் சாம்பலும் சமையல் நீரும் போன இடத்தில் ஒரு கத்தரிப் பாத்தி, இரண்டு மிளகாய்ச் செடி, அவரைப் பந்தல் இருந்தன. மாலையில் வீட்டுப் பெரியவர் ஒருவர் பத்து நிமிடம் குனிந்து களை பிடுங்குவார். இன்று கோவையிலும் ஈரோட்டிலும் புதிதாகக் கட்டும் வீடுகளில் காம்பவுண்டுக்குள் மண் தெரிவதே அரிது. சுவரிலிருந்து சுவர்வரை சிமென்ட் கல் பதித்திருக்கிறார்கள். தோட்டம் மாடிக்கு ஏறிவிட்டது. தென்னைநார்க் கழிவு நிரப்பிய பையில் களை அதிகம் வருவதில்லை. மாடியில் கத்தரி காய்ப்பதும், நகரத்துப் பிள்ளைகள் அதைப் பறிப்பதும் நல்ல செய்திதான். எங்காவது மிச்சமிருக்கும் முன்வாசல் பாத்தியில் புதர் மண்டினால் பிரஷ் கட்டர்க்காரரை அழைக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் தும்பையும் துத்தியும் நாயுருவியும் பார்த்தீனியமும் கணுக்கால் உயரத்துக்கு ஒன்றுபோல ஆகிவிடும். பூத்த பார்த்தீனியத்தின் விதை அந்த வெட்டில் நாலாபுறமும் தெறிக்கும். வேர் மண்ணிலேயே இருக்கும். அடுத்த மழையில் மீண்டும் அழைப்பு. உப்பைக் கரைத்து ஊற்றுவோரும் உண்டு. அது களையோடு பாத்தியையும் சேர்த்துக் கெடுக்கும். அந்த மண்ணில் பிறகு கத்தரியும் வராது.

வலியில்லாத களையெடுப்பு வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு எண்ணமில்லை. அமுச்சிகளின் முழங்காலை வாங்கிக்கொண்டு வந்த அந்த அறிவை அதே விலைக்குத் திரும்பக் கேட்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் வேலையின் பாரத்தைக் குறைத்தபோது, செடியைப் பெயர் சொல்லிப் பிரிக்கும் பழக்கத்தையும் சேர்த்து விட்டுவிட்டோம். இரண்டும் கட்டாயம் சேர்ந்து போக வேண்டியவை அல்ல. நின்றபடி தள்ளும் கருவியாலும் பண்ணைக்கீரையைச் சுற்றிக்கொண்டு போக முடியும். மருந்தால் அது முடியாது. இழப்பின் அளவு சந்தையில் தெரிகிறது. களையாக மடியில் வந்த மணத்தக்காளிக்கீரை இன்று கட்டு கணக்கில் விலைக்கு விற்கிறது. பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் கேட்டால் பல கடைகளில் பெயரே தெரிவதில்லை.

வீட்டில் ஒரு பாத்தி அளவு மண் வைத்திருப்பவர்கள் சிலவற்றைச் செய்யலாம். மழை பெய்து மண் இளகிய மறுநாள் இறங்குங்கள். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே, கையுறை போட்டு, வேரோடு பிடுங்குங்கள். கோரையை இழுக்காதீர்கள்; கொத்தால் தோண்டிக் கிழங்கை எடுங்கள். தானாக முளைத்த கீரைக்குப் பாத்தியில் ஒரு மூலையை விட்டுவையுங்கள். வீட்டுப் பாத்திக்குக் களைக்கொல்லி எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்; வாங்கி வைத்திருந்தால் பிள்ளைகளுக்கு எட்டாதபடி பூட்டி வையுங்கள். அப்புறம் ஒன்று: உங்கள் ஊரில் களை வெட்டிய பாட்டி ஒருவர் இன்னும் இருப்பார். அவரை நாற்காலி போட்டுப் பாத்தியோரம் உட்கார வைத்து, ஒவ்வொரு செடியாகக் காட்டிப் பெயரைக் கேளுங்கள். கேட்டதைப் பிள்ளைகளைவிட்டு எழுதச் சொல்லுங்கள். இந்த ஆண்டே செய்யுங்கள்.